தண்ணீர் இல்லாமல் கேட்ட உத்தரவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்துவிட்டேன். ஒவ்வொரு தை மாதமும் ஒரு நோட்டு வாங்குவேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்கு மேல் கை ஓடாது. நோட்டு வீணாகக் கிடக்கிறதே என்று என் வீட்டுக்காரி அதில் பலசரக்குப் பட்டியல் எழுத ஆரம்பித்தாள். இன்றைக்குப் போடிநாயக்கனூரிலேயே பிள்ளையார் சுழியோடு உளுத்தம்பருப்பு வாங்கப் போகிற வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

தயக்கத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று, இதில் குலசாமி வருகிறது. இரண்டு, இதில் பங்காளிகள் வருகிறார்கள். சாமி கோபித்துக்கொண்டால் ஒரு தேங்காயில் சமாதானம் ஆகிவிடும். பங்காளி கோபித்துக்கொண்டால் பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் இழுக்கும். போதாததற்கு நான் படித்தது எட்டாம் வகுப்பு. விஷயமோ சனி, சுக்கிரன் வரைக்கும் போகிறது. அந்தப் பக்கம் எனக்கு ஜாதகத்தில் மட்டும்தான் பழக்கம்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. பச்சைக் காயைக் கம்பித் தட்டுகளில் பரப்பி, அறையைச் சூடேற்றி, தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போகும்வரை பக்கத்திலேயே இருப்பது. ஐந்து பங்கு பச்சைக் காய் உள்ளே போனால் ஒரு பங்கு வெளியே வரும். மீதி எல்லாம் தண்ணீர். காலையில் குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு உள்ளே போவேன். அரை மணி நேரத்தில் வேர்வையில் திருநீறும் போய்விடும். ஆக, தண்ணீர் எப்படி ஒரு பொருளை விட்டுப் போகிறது, போன பிறகு அதன் கதி என்ன என்பதைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எடுத்தவள் என் மகள். ஒரே பெண். மதுரையில் விடுதியில் தங்கி வேதியியல் முதுகலை படித்தாள். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மத்தியானம், ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, தண்ணியே இல்லாத உலகத்துல உசுரு உண்டாக முடியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. நானும் அதுலதான் சேரலாம்னு இருக்கேன்."

"ஆத்தா, நீ சேரு, சேராமப் போ. ஆனா அது நடக்காது. உலர்த்துன ஏலக்காயை எடுத்து நட்டுப் பாரு. ஒண்ணாவது முளைக்குதா? தண்ணி போச்சா, உசுரு போச்சு. இதை நான் தினம் தட்டு தட்டாப் பாக்குறேன்."

"ஏலக்காய் தண்ணியிலேயே பொறந்து தண்ணியிலேயே வளந்ததுப்பா. அதுக்குத் தண்ணி போனா உசுரு போயிரும், சரிதான். ஆதியிலேயிருந்து தண்ணியையே பாக்காத எடத்துல ஒண்ணு பொறந்தா? அதுக்கு வேற ஏதாச்சும் ஒரு திரவம் போதும்ல? மூலக்கூறுங்க மிதந்து, முட்டி, ஒண்ணோட ஒண்ணு சேர ஒரு எடம் வேணும். அவ்வளவுதான்."

"எந்தத் திரவம்?"

"சனியோட நிலா ஒண்ணுல ஏரி ஏரியாக் கெடக்கு. ஆனா தண்ணி இல்ல. நம்ம அடுப்பெரிக்கிற மாதிரி வாயுதான், குளிருல திரவமா ஆகிக் கெடக்கு."

சனிக்கிழமை தவறாமல் நான் எள் விளக்குப் போடுகிறவன். ஏரி ஏரியாக எரிவாயு வைத்திருக்கிறவருக்கு நான் கால் கரண்டி நல்லெண்ணெயை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சுக்கிரன்ல மேகமே கந்தக அமிலம்ப்பா," என்றாள் அடுத்து.

"அடிப்பாவி. அந்தச் சுக்கிரன் பார்வை இருக்குன்னுதானே உனக்கு நல்ல எடமா அமையும்னு சோசியர் சொல்லியிருக்காரு," என்றாள் என் வீட்டுக்காரி.

அன்றைக்கு மகள் இன்னொன்றும் சொன்னாள். சில திரவங்கள் உப்பு மாதிரியாம். ஆனால் உருகித் திரவமாகவே நிற்குமாம். வெயிலில் வைத்தாலும் காயாது. காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி ஓடிப்போகும். இது ஒரு சொட்டு விழுந்தால் அந்தச் சொட்டு அப்படியே கிடக்கும். அப்படி ஒரு சொட்டுக்குள் உயிர் தொடங்குமா என்பதுதான் கேள்வியாம். "தொடங்குச்சுன்னு யாரும் சொல்லலப்பா. தொடங்க முடியுமான்னுதான் கேக்குறாங்க," என்றாள். காயாத திரவம் என்று ஒன்று இருக்கிறது என்றதும் எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. என் தொழிலுக்கே எதிரி அல்லவா.

படிப்பு முடிந்ததும் வடக்கே தூரத்து ஊர் ஒன்றில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஐந்து வருஷம். வருகிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

இந்த நேரத்தில்தான் என் பெரியப்பா மகன், எங்கள் பங்காளிகளில் மூத்தவர், ஒரு வரன் கொண்டுவந்தார். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம், ஒரே பையன், குறை ஒன்றும் இல்லை. நான் ஆராய்ச்சி விஷயத்தைச் சொன்னேன்.

"எதை ஆராயப் போகுது புள்ள?"

"தண்ணியில்லாத உலகத்துல உசுரு இருக்குமான்னு, அண்ணே."

"ஏன், தண்ணியில்லாத ராமநாதபுரத்துல மனுசன் இருக்கான்ல, அதைப் போயி எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லு. பொட்டிபுரத்துல நியூட்ரினோ ஆராய்ச்சின்னு மலையைக் கொடையப் போறோம்னாங்க. இவ வானத்தைக் கொடையப் போறாளாக்கும்."

நான் சிரித்தேன். சிரித்ததுதான் தப்பு. மனதுக்குள் எனக்கு அவளை அனுப்பத்தான் ஆசை. ஆனால் அண்ணன் முகத்துக்கு நேரே "அனுப்பப்போறேன்" என்று சொல்லத் தைரியம் இல்லை. என்னுடைய மழுப்பலைப் பார்த்துவிட்டு அவரே வழி சொன்னார்: "சாமிகிட்ட உத்தரவு கேட்போம். ஆடு துலுக்குனா படிக்கப் போகட்டும். துலுக்கலைன்னா கம்பம்."

நான் உடனே சரி என்றேன். முடிவை ஆட்டின் தலையில் கட்டிவிட்டால் எனக்குச் சோலி மிச்சம் அல்லவா.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குலசாமிக்கு நேர்ந்த கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையிலிருந்து வால்வரை ஊற்றுவார்கள். ஆடு உடம்பை உலுக்கிச் சிலுப்ப வேண்டும். அதைத்தான் துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. துலுக்காதவரை யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். கிடாய் வெட்டுவதற்கு மட்டும் அல்ல. வீடு கட்ட, மலையில் நிலம் வாங்க, சம்பந்தம் பேச, எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் உத்தரவு கேட்பார்கள். நான் இதை நம்புகிறவன். இன்றைக்கும் நம்புகிறேன்.

மகளிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "சரிப்பா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டுக்குத் தெரியுமாப்பா, அதை நம்பி எவ்வளவு இருக்குன்னு?" என்று கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் கிளம்பினோம். நான், வீட்டுக்காரி, மகள், அண்ணன், இன்னும் சில பங்காளிகள், பூசாரி, கிடாய். ஓட்டியது என் மைத்துனன். தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் அவன் தொழில் என்பதால் மனுசர்களையும் லோடு மாதிரிதான் அடுக்குவான். எங்கள் சாமி இருப்பது மெட்டுப் பாதையில் பாதி ஏற்றத்தில் இறங்கி, சரிவில் நடந்தால் ஒரு நாவல் மரத்தடியில். பக்கத்தில் ஓர் ஓடை உண்டு. அந்த வருஷம் ஓடையில் கல்லு மட்டும்தான் ஓடியது. அதனால் வீட்டிலிருந்தே ஒரு வெள்ளைக் கேன் நிறையத் தண்ணீர் கொண்டுவந்திருந்தோம்.

பத்தரைக்கு ராகு காலம். போய்ச் சேரும்போதே ஒன்பதே கால். பூசாரி அவசரப்பட்டார். "வெரசா தண்ணியக் கொண்டாங்கப்பா!" மைத்துனன் கேனைத் தூக்கி வந்து பித்தளைக் குடத்தில் சாய்த்தான். மஞ்சள் பொடி போட்டு, வேப்பிலை போட்டு, பூசாரி செம்பில் மொண்டார்.

"என்னப்பா, தண்ணி வழவழங்குது?"

"போர்த் தண்ணி அண்ணே, அப்படித்தான் இருக்கும்," என்றான் மைத்துனன்.

முதல் செம்பு ஊற்றினார். ஆடு நின்றது. இரண்டாவது செம்பு. ஆடு பக்கத்துச் செடியைப் பார்த்தது. மூன்றாவதுக்கு அந்தச் செடியைக் கடித்தது. நாங்கள் எல்லோரும் கும்பிட்டபடி நிற்கிறோம். வீட்டுக்காரி குலவை போடுவதற்கு வாயைத் தயாராக வைத்திருந்து வைத்திருந்து மூடிக்கொண்டாள். வெயில் ஏறியது. ஆடு மஞ்சளாக, பளபளவென்று, புதுப் பெயின்ட் அடித்த மாதிரி நின்றது. மணி பத்து ஆயிற்று.

"சாமிக்கு இஷ்டமில்ல. கம்பத்துக்கே போன் போட்றவா?" என்றார் அண்ணன்.

மகள் ஆட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதன் முதுகைத் தடவினாள். தடவின கையைப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு திரும்பி என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க வாங்க. முக்கால் மணி நேரமா வெயில்ல நிக்குது. ஒரு சொட்டுகூடக் காயல. இது தண்ணியே இல்ல."

நான் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் போவதை ஆயுள் முழுக்கப் பார்த்த கை. தொட்டதும் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் பூச்சிமருந்து இலையில் ஒட்டி நிற்பதற்காக அதில் கலக்குகிற எண்ணெய். நிறம் கிடையாது, வாசனையும் அநேகமாகக் கிடையாது. தோட்டத்துக்குக் கொண்டுபோக வாசலில் வைத்திருந்த கேனை மைத்துனன் ஏற்றியிருக்கிறான். தண்ணீர்க் கேன் வீட்டு வாசலில் பத்திரமாக இருந்தது.

"மாப்ளே!" என்றேன்.

"ரெண்டும் வெள்ளைக் கேனுதானே மச்சான்," என்றான் அவன். "ஜீப்புக்கு டீசலை மாத்தி ஊத்துனேனா? அதுல கவனமாத்தானே இருக்கேன்."

சரி, வேறு தண்ணீர் இருந்தால் ஊற்றிவிடலாம் என்று பாட்டில்களைத் தேடினோம். குடிக்கக் கொண்டுவந்தது வழியிலேயே தீர்ந்துவிட்டது. கடைசிப் பாட்டிலை அண்ணன்தான் சாமி முன்னால் சுத்தமாக நிற்க வேண்டும் என்று கால் கழுவி முடித்திருந்தார். போடிக்குப் போய்த் திரும்பினால் ராகு காலம் தாண்டி, வெள்ளிக்கிழமை பூசை நேரமே தாண்டிவிடும்.

"அப்ப இன்னைக்கு உத்தரவு கேட்கவே இல்லைன்னு வச்சுக்குவோம். அடுத்த வருசம் கேட்போம்," என்றார் அண்ணன்.

"அடுத்த வருசம் எடம் இருக்காது பெரியப்பா. இன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசி," என்றாள் மகள்.

"அதுக்குச் சாமி என்ன செய்யும் ஆத்தா? தண்ணியில்லாம..."

அவர் முடிக்கவில்லை. எல்லோரும் மறந்துபோயிருந்த ஆடு, யாரும் எதுவும் ஊற்றாமலே, கொம்பிலிருந்து வால்வரை ஒரு துலுக்குத் துலுக்கியது பாருங்கள். சடசடவென்று எண்ணெய்த் துளி நாலா பக்கமும் பறந்தது. அண்ணன் வெள்ளை வேட்டியில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. பூசாரி மீசையில் எண்ணெய். என் வீட்டுக்காரி காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த குலவையை ஒரே மூச்சில் போட்டாள். மலையில் எதிரொலித்தது.

"துலுக்கிருச்சு!" என்றான் மைத்துனன், தப்பித்துவிட்ட சந்தோஷத்தில்.

"எப்படிய்யா செல்லும்?" என்று அண்ணன் பாய்ந்தார். "தண்ணி ஊத்தித் துலுக்குனா அது சாமி சோலி. தண்ணி ஊத்தாமத் துலுக்குனா அது ஆட்டுச் சோலி."

பூசாரி மீசையைத் துடைத்துக்கொண்டே, "சாமிக்கே மொதல்ல எண்ணெய்க்காப்புதான்ப்பா சாத்துறோம். தண்ணி பின்னாலதான்," என்றார்.

"அது நல்லெண்ணெய், அய்யா. இது செடிக்கு அடிக்கிறது."

"செடியும் சாமி படைச்சதுதானே."

"அப்ப நாளைக்கு உமக்கு மருந்து டப்பாவுல பிரசாதம் குடுக்கவா?"

நாவல் மரத்தடியில் கால் மணி நேரம் இந்த வழக்கு நடந்தது. தண்ணீர் இல்லாமல் வந்த உத்தரவு உத்தரவுதானா? மகள் ஐந்து வருஷம் படிக்கப் போகிற கேள்வியை எங்கள் பங்காளிகள் ஓசியில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிடாய் என் கிடாய், பெண் என் பெண்.

எனக்கு வாய் நிறையப் பதில் இருந்தது. துலுக்கிவிட்டது, சாமி சொல்லிவிட்டது, முடிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். மகள் என் காதோரம் வந்தாள்.

"அப்பா, அது பிசுபிசுப்புத் தாங்காமத் துலுக்கியிருக்கும். மூக்குல ஈ வேற உக்காந்துச்சு. நான் பாத்தேன்."

"நீ சும்மா இரு," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "உனக்காகத்தான் பேசப்போறேன்."

"தெரியும்ப்பா. ஆனா ஈ உக்காந்துச்சுன்னு எனக்குத் தெரியும். சாமி துலுக்குச்சுன்னு சொல்லிட்டுப் போனா, அங்க போயி எதைப் பாத்தாலும் எனக்குப் புடிச்ச மாதிரிதான் சொல்லத் தோணும். அப்படிப் போறதுக்குப் போகாமயே இருக்கலாம்."

இந்த இடத்தில் எழுதுவதற்குத்தான் நாலு வருஷம் ஆனது. மகள் ஆட்டையும் ஏமாற்றவில்லை, சாமியையும் ஏமாற்றவில்லை. இரண்டு பேருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவன் நான்தான். தினம் திருநீறு பூசி, விளக்குப் போட்டு, விரதம் இருந்து என்ன? பெற்ற பெண்ணிடம் "போ" என்று சொல்ல எனக்கு ஓர் ஆடு தேவைப்பட்டிருக்கிறது.

சாமி முன்னால் போய் விழுந்து கும்பிட்டேன். மண் நெற்றியில் சுட்டது. எழுந்து அண்ணனிடம் சொன்னேன்:

"அண்ணே, அது சாமி துலுக்குச்சா, ஈ துலுக்குச்சான்னு எனக்குத் தெரியல. தெரியும்னு சொன்னா பொய். ஆடு கிடக்கட்டும். நான் அனுப்புறேன். குத்தம் இருந்தா அது என் தலையில. உங்களுக்கு மரியாதை குறைஞ்சா மன்னிச்சிருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியைப் பார்த்தார். "இந்தக் கறை போகுமாடா?" என்று கேட்டார்.

"போகாது பெரியப்பா. இது லேசுல போற சாதியில்ல," என்றாள் மகள்.

"அஞ்சு வருசம் படிக்கப் போறவ, இதைப் போக்க ஒண்ணு கண்டுபிடிச்சிட்டு வா," என்றார். அதற்கு மேல் கம்பம் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போகும்வரை ஜீப்பில் என்னோடு பேசவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை. போன பொங்கலுக்குத்தான் வந்தார்.

கிடாயை அன்றைக்கு வெட்டவில்லை. பூச்சிமருந்து எண்ணெய் ஊறிய கறியை யார் தின்பது? சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி அதைத் திரும்பக் கூட்டிப்போனோம். மகள் சாயங்காலம் நாலு மணிக்கு மொட்டை மாடியில் நின்று பதில் அனுப்பினாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். நான் பக்கத்தில் நின்றேன். அனுப்பியதும் அவள் அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. காயத்தான் செய்தது.

இப்போது அவள் அங்கே கண்ணாடிக் குப்பிகளில் காயாத சொட்டுகளை வைத்துக்கொண்டு, எதை எதையோ போட்டுப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பேன்: "உசுரு வந்துச்சா ஆத்தா?"

"இல்லப்பா. சில மூலக்கூறுங்க உடையாம இருக்குங்க. அதுவே பெருசு. வராமலேயும் போகலாம்."

வராமல் போனால் போகட்டும். தண்ணீரைப் படைத்தவன் தண்ணீருக்குக் கட்டுப்பட்டவனாக இருப்பான் என்று என்னால் இப்போது நினைக்க முடியவில்லை. அவன் எங்கேயாவது எண்ணெயிலோ அமிலத்திலோ ஒன்றைப் படைத்து, அதுவும் அவனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம். எதை ஊற்றி உத்தரவு கேட்கிறதோ, யார் கண்டார்கள். படைக்கவே இல்லை என்றாலும் அது அவன் இஷ்டம். இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவன் சார்பில் நான் சொல்லக் கூடாது. அதை என் பெண்ணிடம்தான் படித்தேன்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் சொந்தத்தில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி நடமாடுகிறது. குடத்துத் தண்ணீர் தானாக எண்ணெயாக மாறியது என்கிறார் ஒருவர். ஆடு மூன்று முறை துலுக்கி வடக்கே திரும்பிப் பார்த்தது என்கிறார் இன்னொருவர். போன மாதம் போடி பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் என்னிடமே இதைச் சொன்னார். ஆடு பேசியதாம்.

ஐயா, அம்மா, படிக்கிறவர்களே. இதை நூறு பேருக்கு அச்சடித்துக் கொடுங்கள் என்று கேட்க மாட்டேன். கொடுக்காவிட்டால் கெடுதல் ஒன்றும் வராது. ஆனால் யாரிடமாவது சொன்னால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். எண்ணெய் கேன் மாறியதால் வந்தது. ஆடு ஒரே ஒரு முறைதான் துலுக்கியது. மூக்கில் ஈ இருந்தது. அனுப்பியது அப்பன். ஈயை மட்டும் எடுத்துவிடாதீர்கள். என் பெண் அதைப் பார்த்தாள்.